கொடுவாவுக்கு ஸ்பின்னிங் ராடும் ரீலும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிமுகத்தில் தூண்டில் போடப் புதிதாக வருவோரைக் கவனிக்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். முடிச்சு நழுவுவது, ராடின், அதாவது தூண்டில் கழியின், வளையம் ஒன்றை விட்டுவிட்டு நூலைக் கோப்பது போன்றவை ஓரிரு நாளில் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. கடையிலேயே நேர்ந்துவிடும் தவறுகள்தாம் பணத்தையும் மீனையும் சேர்த்து இழக்கச் செய்பவை.

பெட்டியில் அச்சிட்ட ட்ராக் எண்ணைப் பார்த்து ரீல் வாங்குவது

கொடுவா மீன் கண்டல் வேர்கள், பாறைகள், பாலத் தூண்கள் ஆகியவற்றை ஒட்டிப் பதுங்கியிருந்து, வாயைச் சட்டெனத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சிக்கொண்டு, அடுத்த கணமே மறைவிடத்திற்குத் திரும்பும். அந்த முதல் ஓட்டத்தில் இரண்டு மீட்டர் நூலை விட்டுக்கொடுத்தாலே அது வேர்களுக்குள் புகுந்துவிடும் என்பதால், இறுக்கிப் பிடிக்கும் ரீல்தான் வேண்டும் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பே. மீன் இழுக்கும்போது நூலை ரீல் பிடித்து நிறுத்தும் பிடிதான் ட்ராக்; திருகு ஒன்றால் அதைக் கூட்டிக் குறைக்கலாம். நானும் அப்படித்தான், "அதிகபட்ச ட்ராக் 10 கிலோ" என்ற எழுத்தை நம்பி என் முதல் ரீலை வாங்கினேன். அதைப் பொருத்திய ராடோ 10 முதல் 20 பவுண்டு தாங்கும் நூலுக்கென்று செய்யப்பட்டது.

ட்ராக் திருகை முடிந்தவரை இறுக்கியிருந்த நிலையில், ஏறத்தாழ 90 செ.மீ. நீளமுள்ள மீன் ஒன்று படகருகே நீருக்கு மேல் எழும்பித் தலையை உலுக்கியது. ரீலிலிருந்து நூல் ஓர் அங்குலமும் நகரவில்லை. பொய் இரையில் இருந்த மூன்று கிளை முள் நிமிர்ந்துபோய்த் திரும்பி வந்தது. பிறகு திருகைச் சற்றுத் தளர்த்தி, நூலைச் சுருள்வில் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தபோதுதான் குறை விளங்கியது. நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அசையத் தொடங்குவதற்கு 6 கிலோ இழுவை தேவைப்பட்டது. அசைந்ததும் அது 3 கிலோவாகச் சரிந்து, மீண்டும் பிடித்துக்கொண்டது. பெட்டியில் உள்ள எண், திருகை முழுவதும் இறுக்கினால் கிடைக்கும் பிடியை மட்டுமே சொல்கிறது. நூல் தடங்கலின்றி ஒரே சீராக வெளியேறுமா என்பதைச் சொல்வதில்லை. கொடுவா துள்ளும் கணத்தில் மீனைக் காப்பாற்றித் தருவது அந்தச் சீர்மைதான்.

கணக்கு எளிது. 20 பவுண்டு பின்னல் நூல் ஏறத்தாழ 9 கிலோ தாங்கும். அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, அதாவது 2.3 முதல் 3 கிலோவரை, ட்ராக்கை வைத்தால் போதும். வளைந்த ராடின் வளையங்களில் நூல் உரசுவதாலும் இழுவை கூடும் என்பதால், ராடை வளைத்துப் பிடித்தபடியே தராசில் அளக்க வேண்டும். நூல் ஓடி ஸ்பூல் சிறுத்தாலும், திருகைத் தொடாமலேயே இழுவை ஏறும். சுற்றியிருக்கும் நூலின் விட்டம் பாதியானால் இழுவை இரு மடங்காகும். முதல் ஓட்டத்தைத் தடுக்கக் கூடுதல் பிடி தேவைப்படும்போது ஸ்பூலின் விளிம்பை விரல்களால் அழுத்தலாம். மீன் மேலெழுவது தெரிந்ததும் விரலை எடுத்துவிட்டு, ராடு நுனியை நீரை நோக்கித் தாழ்த்த வேண்டும்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் இதே பொருத்தமற்ற ராடு, ரீல் இணையோடு வந்து நின்றார். விற்றவர் அந்த எண்ணைத்தான் முதலில் சுட்டிக்காட்டினாராம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது தொடர்வது எனக்கு உண்மையாகவே எரிச்சலூட்டுகிறது.

ராடுக்கு முன்பே ரீலைத் தேர்ந்தெடுப்பது

நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை பொய் இரையை வீசப்போகும் கைக்கு 6000 அளவு ரீல் வீண் சுமை; இந்த எண் கூடக் கூட ரீல் பெரிதாகும். ஏழடி நீளமும், நுனியில் விரைந்து வளைந்து அடிப்பகுதியில் வலுவாக நிற்கும் தன்மையும் உடைய ராடை முதலில் எடுத்து, 2500 முதல் 4000 வரையிலான ரீல்களை அதில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, கையில் சமநிலையாக அமைவதை வாங்குங்கள்.

பொய் இரையின் எடையைப் பாராமல் ராடு வாங்குவது

30 கிராமுக்கென்று செய்த விறைப்பான ராடால் 10 கிராம் இரையைக் குறிபார்த்து வேரோரத்தில் போட முடியாது.

மெல்லிய லீடர்

கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல அறுக்கும், தாடை அரம்போலத் தேய்க்கும். பின்னல் நூலுக்கும் பொய் இரைக்கும் இடையே கட்டும் தடித்த நூலான லீடர் 40 பவுண்டுக்குக் குறைய வேண்டாம்.

பின்னல் நூலை வெற்று ஸ்பூலில் சுற்றுவது

வழுக்கிச் சுழலும். அடியில் சில சுற்று நைலான் நரம்பு போடுங்கள்.

இறுக்கிய ட்ராக்குடன் ரீலை எடுத்துவைப்பது

ட்ராக்குக்குள் பல வாரங்கள் அழுந்திக் கிடந்த வளையத் தகடுகள் ஒட்டிக்கொண்டு, நான் தராசில் கண்ட அதே தொடக்கப் பிடிப்பை நல்ல ரீலிலும் உண்டாக்கிவிடும் என்பதால், கரையேறியதும் நன்னீரை மெல்ல ஊற்றி உப்பைக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் திருகைத் தளர்த்தி வையுங்கள்.