பிரதேச சபையிலிருந்து பாராளுமன்றத்துக்கு: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக்குடியிருப்பிலோ நானாட்டானிலோ ஒரு வட்டாரத்தை வென்று பிரதேச சபைக்குள் நுழைந்தவர், சில ஆண்டுகளில் பாராளுமன்றத்தை எண்ணிப் பார்ப்பது இயல்பே. முன்னர் இவ்விரண்டுக்கும் இடையில் மாகாண சபை என்றொரு படி இருந்தது. 2013இல் வடக்கு மாகாண சபைக்குத் தெரிவானவர்களுள் சி. சிவமோகன் 2015இலும் து. ரவிகரன் 2024இலும் வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றனர். அச்சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடைபெறாததால், உள்ளூராட்சி உறுப்பினர் இப்போது ஒரே தாவலில் மேலே செல்ல வேண்டியிருக்கிறது. பல தவறுகளுக்கு இதுவே காரணம்.

முதலாவது தவறு கணக்கில் நிகழ்கிறது. வட்டாரத்தில் சில நூறு வாக்குகள் ஒருவரை உறுப்பினராக்கிவிடும். வன்னித் தேர்தல் மாவட்டமோ மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்களையும், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களையும், தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்களையும் கொண்டது. வன்னி என்றே நாம் சொல்லிப் பழகிய கிளிநொச்சி இதில் இல்லை. கிளிநொச்சியிலுள்ள கரைச்சிப் பிரதேச சபை உறுப்பினர் தம் ஊர் மக்களின் வாக்கைக் கேட்க வேண்டுமாயின் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலேயே போட்டியிட வேண்டும். வன்னிக்குரிய 6 ஆசனங்களுக்கு ஒவ்வொரு பட்டியலிலும் 9 பேர் நிறுத்தப்படுகின்றனர். வாக்காளர் ஒருவர் கட்சிக்குப் புள்ளடியிட்ட பின் மூவருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு ஆசனங்களும் வேறு நான்கு தரப்புகளுக்குத் தலா ஓர் ஆசனமும் கிடைத்தன என்பதைப் பார்த்தால், பெரும்பாலான பட்டியல்களில் முதலாமவருக்கு மட்டுமே இடமிருந்தது புலப்படும். இதை உணராமல் சொந்த ஊரின் விருப்பு வாக்குகளை மட்டும் நம்பி, சக வேட்பாளரோடு சுவரொட்டிச் சண்டை பிடிப்பவர் தம்மையும் தம் பட்டியலையும் சேர்த்தே வீழ்த்துகிறார்.

தேர்தல் முடிந்ததும் செலவு அறிக்கையை மறப்பது அடுத்தது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, பெறுபேறு வெளியான பின் 21 நாட்களுக்குள் அவ்வறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். இது தோற்றவருக்கும் பொருந்தும்.

இனி, வென்றவர் செய்யும் பெருந்தவறு. சபையில் இருந்தபோது தெருவிளக்கு எரியவில்லை என்றால் தவிசாளரிடம் சொல்லலாம், மறுநாள் ஆள் வருவார். அந்தப் பழக்கத்தோடு பாராளுமன்றம் போகிறவர் ஐந்தாண்டுகளும் பெரிய சைஸ் பிரதேச சபை உறுப்பினராகவே இருந்துவிடுகிறார். பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வாசிகசாலைக்குக் கதிரையும் விளையாட்டுக் கழகத்துக்குப் பந்தும் வாங்கிக் கொடுத்துப் படமெடுப்பது பிழையல்ல; ஆனால் அதற்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தேவையில்லை. எந்த வேலை யாருடையது என்று பிரித்தறிவதே அவர் முதலில் கற்க வேண்டியது. கிராமத்து உள்வீதி பிரதேச சபைக்குரியது. ஏ9 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. இரண்டுக்கும் இடைப்பட்ட பல வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம் உள்ளன. குளங்களும் அப்படியே: சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், அருவியாற்று நீரைப் பெறும் கட்டுக்கரைக்குளம் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. தவறான கதவைத் தட்டினால் ஓராண்டு வீணாகும்.

அதேவேளை, சபையில் பெற்ற அறிவைப் பழைய சட்டைபோல் கழற்றி எறிவதும் தவறுதான். போர்க்கால இடப்பெயர்வில் கைவிடப்பட்டுப் பற்றை வளர்ந்த வயலுக்குள் வன வளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டியிருந்தால், அது யாருடைய வயல், எந்த ஆண்டில் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டது, எந்தக் குளத்தின் கீழ் எத்தனை போகம் விளைந்தது என்பதெல்லாம் அந்த வட்டாரத்து உறுப்பினருக்குத்தான் தெரியும். பாராளுமன்றத்தில் பலர் இவ்விடத்தில் உரத்த குரலில் கண்டன உரை நிகழ்த்திவிட்டு அமர்கின்றனர்; மறுநாள் பத்திரிகையில் அரைப் பத்தி வருகிறது, அமைச்சர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, வர்த்தமானியின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து, எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பங்கள், விடுவிக்க என்ன நடவடிக்கை என்று வாய்மூல விடைக்கான வினாவாக எழுதிக் கொடுத்தால், அமைச்சு அளிக்கும் பதில் பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். பின்னர் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அதிகாரி ஒருவர் மறுத்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். வழக்குக்கும் அது உதவக்கூடும். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான காணி வர்த்தமானி, முல்லைத்தீவும் மன்னாரும் உட்பட வடக்கின் 5,900க்கும் மேற்பட்ட ஏக்கரைத் தொட்டது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுடைமையாகலாம் என்ற அச்சத்தை அது எழுப்பியது. எதிர்ப்புகளுக்கும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கும் பின்னரே அது மீளப்பெறப்பட்டது. இத்தகைய விடயத்தில் பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்றலாம், அதற்குமேல் அதிகாரமில்லை.

தமிழில் பேசினால் யாருக்கும் விளங்காது என்று தயங்குவதும் தேவையற்றது. அரசியலமைப்பு தமிழில் உரையாற்றும் உரிமையை அளித்திருக்கிறது, உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. அமர்வுகள் பெரும்பாலும் மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் நடைபெறுகின்றன. அந்நாட்களில் ஊரிலே திறப்பு விழாவுக்கு நாள் கொடுப்பதே சரியில்லை. அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் சமுகமளிக்காவிட்டால் ஆசனமே பறிபோகும்.

கடைசியாக, பழைய சபையைத் தம் கைக்குள் வைத்திருக்க முனைவது. தவிசாளருக்குத் தொலைபேசியில் கட்டளையிடுவதும், தம் வெற்றிடத்துக்கு உறவினரைப் பரிந்துரைப்பதும் கட்சிக்குள் பகையை வளர்க்கும். அந்தப் பகை முற்றிக் கட்சி உறுப்புரிமை பறிக்கப்பட்டால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடி வெல்லாதவரை பாராளுமன்ற ஆசனமும் போய்விடும். அதற்கு இடைத்தேர்தல் நடத்தப்படுவதில்லை. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்றவர், பெரும்பாலும் சுவரொட்டிச் சண்டை பிடித்த அதே ஆள், வந்து சத்தியப்பிரமாணம் செய்துகொள்வார்.