அன்பவுண்டைச் சோர்ஸிலிருந்து கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேபிள் இன்டர்நெட் நடத்துபவர்களிடம் வேலைக்குச் சேரும் பையன்கள் அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். தளத்தின் பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரான அன்பவுண்டை, சோர்ஸ் கோடிலிருந்து தாங்களே கம்பைல் செய்திருப்பார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்த தப்புகளையே வரிசை மாறாமல் செய்திருப்பார்கள். ஹெடர் ஃபைல் இல்லை, கம்பைலர் இல்லை என்பதையெல்லாம் கட்டுவதற்கு முன் ஓட்டும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டே சொல்லிவிடும். சத்தமில்லாமல் கட்டி முடிந்து, அப்புறம் கழுத்தறுப்பவைதான் இங்கே.

லிப்ஈவன்ட் இல்லாமல் கட்டுவது

அன்பவுண்டின் கன்ஃபிகரை வெறுமனே ஓட்டினால், ஒரே நேரத்தில் நிறைய சாக்கெட்டுகளை (நெட்வொர்க் இணைப்பு முனைகளை) கவனிக்க உதவும் லிப்ஈவன்ட் என்ற லைப்ரரி சேராது. நாம்தான் கேட்க வேண்டும். உதவிக் குறிப்பைப் படிப்பவர்களும் இதை விட்டுவிடுகிறார்கள். காரணம், ‘வேகம் குறைவு, ஆனால் வெளியே போகும் போர்ட்டுகளை நிறைய வைத்துக்கொள்ளலாம்’ என்ற பொருளில் அங்கே ஒரு வரி இருக்கிறது. வேகம் குறைவு என்று பார்த்ததும் யார் தொடுவார்கள்? அந்த வரியின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

லிப்ஈவன்ட் இல்லையென்றால் அன்பவுண்ட் செலக்ட் என்னும் பழைய முறையில் சாக்கெட்டுகளைக் கவனிக்கும். அதனால் 1024 ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு (திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் சிஸ்டம் தரும் எண்) மேல் பார்க்க முடியாது. கேஷில், அதாவது முன்பே வாங்கி வைத்த பதில்களில், இல்லாத கேள்வி வெளியே போக சாக்கெட் வேண்டும். எதிர்ப்பக்கத்து சர்வர் இழுத்தடித்தால் அதுவரை அந்த சாக்கெட்டும் மாட்டிக்கொள்ளும். பகலில் இது தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே போனைக் கையில் எடுக்கும்போது தெரியும்.

பாலக்கோடு பக்கம் ஒரு பையன், “சிபியு பத்து பர்சென்ட் கூடப் போகல அண்ணா, ஆனா பக்கம் திறக்க மாட்டேங்குது” என்றான். கேஷைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். பிறகு த்ரெட்டை (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் இழைகளை) ஒன்றிலிருந்து நான்காக்கியிருக்கிறான், பலனில்லை. 1024 என்பது எல்லா த்ரெட்டுக்கும் சேர்த்துத்தான். அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பிரித்த காடு மாதிரி, ஆள் கூடினால் பங்கு சுருங்கும். அன்பவுண்டின் ஆவணத்திலேயே கணக்கு உண்டு: 1024-ஐக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்து 50-ஐக் கழிக்க வேண்டும். நாலு கோர் என்றால் தலைக்கு 206. கடைசியில் முதலாளி புது சர்வரே வாங்கிவிட்டார். அதிலும் அதே கட்டுமானத்தை ஏற்றினார்கள். வாடிக்கையாளர்களின் திட்டும் அப்படியே தொடர்ந்தது.

இவ்வளவுக்கும் லாகில் தெளிவாக எழுதியிருந்தது: இவ்வளவு டிஸ்கிரிப்டர் தாங்காது, லிப்ஈவன்ட்டோடு கம்பைல் செய் என்று. யாரும் திறக்கவில்லை.

லிப்ஈவன்ட்டின் டெவ் பேக்கேஜைப் போட்டு, கன்ஃபிகருக்கு ‘வித்-லிப்ஈவன்ட்’ கொடுத்து மறுபடி கட்டுங்கள். பிறகு அன்பவுண்டைப் பெரிய எழுத்து ‘வி’ கொடுத்து ஓட்டிப் பாருங்கள். லினக்ஸில் ‘ஈபோல்’ என்று வந்தால் சரி. ‘செலக்ட்’ என்று வந்தால் டியூனிங்கைத் தொடவே வேண்டாம். அது சரியான பிறகு அவுட்கோயிங்-ரேஞ்சை (ஒரு த்ரெட் திறக்கும் வெளிப் போர்ட்டுகளின் எண்ணிக்கை) 8192, ஒரு த்ரெட்டுக்கான கேள்விகளை 4096 என்று வைக்கலாம். சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியின் ஃபைல் வரம்பையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

மார்ச்=நேட்டிவ்

கட்டும் மெஷினின் சிபியுவுக்கென்றே கட்டச் சொல்லும் கம்பைலர் ஃபிளாக் இது. கட்டிய மெஷினிலேயே ஓட்டினால் பரவாயில்லை. புது லேப்டாப்பில் கட்டிப் பழைய சர்வருக்கு காப்பி செய்தால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று விழும். உடனே விழுந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கட்டளை இருக்கும் இடம் வரும்வரை ஓடிவிட்டு விழுந்தால்தான் தலைவலி.

ஓ3

கோடை இன்னும் வேகமாக்கச் சொல்லும் இந்தக் கம்பைலர் ஃபிளாக்கால் லாபமில்லை. பெரும்பாலும் நேரம் போவது நெட்வொர்க்கில்.

டிக்கை வைத்து வேகம் பார்ப்பது

டிக் என்பது டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்டுப் பார்க்கும் கட்டளை. இரண்டாம் முறை கேட்டால் கேஷிலிருந்து 0 மில்லிசெகண்டில்தான் வரும். தயவுசெய்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள். வேகம் அளக்க டிஎன்எஸ்பெர்ஃப் இருக்கிறது.

இரண்டு நகல்

பேக்கேஜில் வந்த அன்பவுண்டை நீக்காவிட்டால், நீங்கள் கட்டியதை விட்டுவிட்டு சிஸ்டம்டி அதைத்தான் கிளப்பும்.

கட்டிவிட்டு மறப்பது

2024 பிப்ரவரியில் கீட்ராப் வெளியானது; டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சர்வரை ஒரே பாக்கெட்டால் திணறடிக்கும் குறை. அன்பவுண்டில் 1.19.1, பைண்ட் என்னும் இன்னொரு டிஎன்எஸ் சர்வரில் 9.18.24 அதைச் சரிசெய்தன. நீங்களே கட்டியதை, பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்கிரேட் தொடாது. அறிவிப்பு மடலில் சேர்ந்துகொண்டு, புதுப் பதிப்பு வந்த அன்றே நீங்கள்தான் கட்ட வேண்டும். கன்ஃபிகருக்கு என்ன கொடுத்தோம் என்பது மறந்திருந்தால் அதே பெரிய ‘வி’ அந்த வரியையும் காட்டும்.