முகர்வுணர்வைச் சோதிக்கும் முறை

மணத்தை மூளைக்குக் கொண்டுசெல்லும் முதலாம் கபால நரம்பைச் சோதிக்கும் முன், நோயாளிக்குச் சளியோ மூக்கடைப்போ உள்ளதா என்று கேட்டறிந்து, ஒரு துளையை மூடி மறுதுளை வழியே மூச்சு தாராளமாகச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்த மூக்கில் செய்யும் சோதனை நரம்பைப் பற்றி எதையும் சொல்லாது.

காப்பித்தூள், கிராம்பு, சோப்பு போன்ற பழகிய மணங்களே போதும். அம்மோனியா, ஸ்பிரிட் ஆகியவை கூடாது. அவற்றின் காரத்தை, முகத்தின் தொடுவுணர்வுக்கான ஐந்தாம் கபால நரம்பும் உணர்வதால், முகர்வை முற்றிலும் இழந்தவரும் முகத்தைச் சுளிப்பார். மணமே தெரியவில்லை என்பவர் அம்மோனியாவையும் உணரவில்லை என்றால், அவர் சொல்வதைச் சற்று ஐயத்துடன் கேட்கலாம்.

கண்களை மூடச் செய்து, ஒரு துளையை விரலால் அழுத்தி மூடி, மறுதுளையின் கீழ் மணப்பொருள் உள்ள சிமிழைப் பிடித்து மெல்ல உறிஞ்சச் சொல்லுங்கள். முதலில் மணம் வருகிறதா என்றும், பிறகு அது என்ன மணம் என்றும் கேளுங்கள். பெயர் நாவில் வராவிட்டாலும், மணம் உணரப்பட்டதே முக்கியம். இடையில் வெறுஞ்சிமிழையும் நீட்டினால் ஊகித்துச் சொல்வது வெளிப்படும். அடுத்த துளையிலும் இவ்வாறே செய்ய வேண்டும்.

இருபுற இழப்பு பெரும்பாலும் மூக்கு நோயாலோ தலைக்காயத்தாலோ வரும். பார்க்கின்சன் நோயில் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றவும் கூடும். மூக்கில் கோளாறின்றி ஒருபுறம் மட்டும் மணம் தெரியாவிட்டால், முன்மூளையின் அடியில் கட்டி உள்ளதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.