2 செ.மீ. சதுரத்தில் குவாண்டம் டாட் எல்இடி செய்வது எப்படி

2 மி.மீ. அளவில் அழகாக எரியும் குவாண்டம் டாட் எல்இடி, 2 செ.மீ. சதுரமானதும் திட்டுத்திட்டாக எரியும். சில சமயம் எரியவே எரியாது. கோளாறு பெரும்பாலும் குவாண்டம் டாட்டில், அதாவது ஒளி தரும் நானோபடிகத்தில், இருப்பதில்லை. தூசியிலும், கண்ணாடிமேல் இருக்கும் மின்கடத்தும் தெளிந்த பூச்சான ஐடிஓ-விலும்தான் இருக்கிறது.

பரப்பு மின்தடை 15 ஓம் (ஓம்/சதுரம்) உள்ள ஐடிஓ கண்ணாடியை சோப்புநீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவுங்கள். நைட்ரஜன் ஊதி உலர்த்தி, 15 நிமிடம் யுவி-ஓசோன் கருவியில் வையுங்கள். பிறகு விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஒரே ஒரு வெண்புள்ளி மின்னினாலும் திரும்பக் கழுவுங்கள். மேலே வரப்போகும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 150 நானோமீட்டர்தான். 1 மைக்ரான் தூசி அதைப்போல ஆறேழு மடங்கு உயரம். அந்த இடத்தில் கடைசியாக மேலே வரும் அலுமினியம் ஐடிஓ-வைத் தொட்டுவிட்டால் ஷார்ட். சதுரம் முழுவதும் வீண்.

பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமர் கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கண்ணாடியை நிமிடத்துக்கு 4000 சுற்றில் சுழற்றிப் பூசி, 150 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுடுங்கள். இதுவரை காற்றிலேயே செய்யலாம். இனி எல்லாம் நைட்ரஜன் பெட்டிக்குள். குளோரோபென்சீனில் மி.லி.க்கு 8 மி.கி. டிஎஃப்பி (நேர்மின் துளைகளைக் கடத்தும் பாலிமர்), 3000 சுற்று, 150 டிகிரியில் 30 நிமிடம்.

அடுத்தது ஒளி தரும் குவாண்டம் டாட்கள், அதாவது காட்மியம் செலினைடு–துத்தநாக சல்ஃபைடு படிகங்கள். ஆக்டேனில் மி.லி.க்கு 20 மி.கி. எடுத்துக்கொள்ளுங்கள். சுழற்றிப் பூசினால் கரைசலில் பெரும்பகுதி சிதறி வீணாகும், மூலைகளும் தடித்துப்போகும். பிளேடால் இழுத்துப் பூசுவதே பெரிய பரப்புக்குச் சரி: பிளேடுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி 100 மைக்ரான், வேகம் நொடிக்கு 10 மி.மீ., தட்டு 50 டிகிரி. இவை தொடக்க அளவுகள்தான். வேகம் கூடினால் படலம் தடிக்கும். 25 நானோமீட்டர் வரும்வரை சரிசெய்யுங்கள். ஓரம் தடித்து நடு மெலிந்தால் சிறிது டெக்கேன் கலந்து பாருங்கள், உலர்வது நிதானப்படும். பூசுவதற்கு முன் படிகத்தைச் சுத்தம் செய்யும்போது எத்தனாலால் இரண்டு மூன்று முறைக்கு மேல் கழுவாதீர்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒலியிக் அமிலம் கழன்றால் படிகங்கள் கட்டிக்கொள்ளும், ஒளியும் மங்கும். காட்மியக் கழிவை சிங்க்கில் ஊற்றவே கூடாது. தனிக் கலனில் சேருங்கள்.

அதன்மேல் எத்தனாலில் மி.லி.க்கு 30 மி.கி. துத்தநாக ஆக்சைடு துகள்கள் (எலக்ட்ரான்களைக் கடத்தும் அடுக்கு). 80 டிகிரியில் 10 நிமிடம். எத்தனால் அடியிலுள்ள படிகத்தைக் கரைக்காது என்பதால்தான் இந்த வரிசை. கடைசியாக மறு மின்முனையாக, வெற்றிடத்தில் 100 நானோமீட்டர் அலுமினியம்.

இணைப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஐடிஓ-வுக்கு ஒரு பக்கம் மட்டும் இணைப்பு கொடுத்தால், சதுர செ.மீ.க்கு 10 மில்லியாம்பியரில் மறுமுனையில் 0.3 வோல்ட் குறையும். அந்தப் பக்கம் மங்குவது கண்ணுக்கே தெரியும். எதிரெதிர் இரு பக்கமும் கொடுத்தால் இழப்பு 0.075 வோல்ட்டாகிவிடும். 4 செ.மீ.க்குப் போனால் ஒரு பக்க இழப்பு 1.2 வோல்ட். அங்கே ஐடிஓ ஓரமெங்கும் உலோகப் பட்டை போட்டே ஆகவேண்டும்.

யுவி ஒளியில் இறுகும் எபாக்சி பசையால் மேல்கண்ணாடி ஒட்டியபின் எரியவிட்டுப் பாருங்கள். கரும்புள்ளி நாளுக்கு நாள் வளர்ந்தால் ஈரம் புகுகிறது, ஒட்டிய இடத்தைச் சரிபாருங்கள். வளராமல் அப்படியே நின்றால் அது தூசி. கழுவும் மேசைக்குத் திரும்புங்கள்.