மாடு கன்று வீசிவிட்டதா? தொற்றுதான் காரணமா என்று கண்டுபிடிக்கும் முறை

சினை மாடு நாள் நிறைவதற்குள் கன்றை வீசிவிட்டால், விழுந்த கருவையும் இளங்கொடியையும் (நஞ்சுக்கொடி) உடனே குழி தோண்டிப் புதைத்துவிடத்தான் மனசு சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். ஏன் வீசியது என்பதற்குச் சாட்சி அந்த இரண்டும்தான். ஆய்வகத்துக்குப் போகும் கருச்சிதைவுகளில் பாதிக்கு மேல் உறுதியான காரணம் தெரியாமலே போகின்றன. அழுகிப்போன கரு, இளங்கொடி இல்லாத மாதிரி, தாமதம் ஆகியவை அதற்கு முக்கியக் காரணங்கள். அதனால் முதல் சில மணி நேரத்தில் நீங்கள் எடுத்து வைப்பதைப் பொறுத்துத்தான் பதில் கிடைக்கும்.

படி 1: தொடும் முன்

கன்று வீசவைக்கும் கிருமிகளில் புருசெல்லா, லெப்டோஸ்பைரா, லிஸ்டீரியா, கியூ காய்ச்சல் கிருமி, ஆடுகளில் வரும் கிளமிடியா எல்லாமே மனிதருக்கும் தொற்றும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அருகில் போக வேண்டாம். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். அதன் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. நாயை விரட்டுங்கள்: இளங்கொடியைத் தின்னும் நாய் புருசெல்லாவை இழுத்துக்கொண்டு போகும். நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியோ நாயின் குடலில்தான் பெருகி, அதன் மலத்தோடு தீவனத்தில் கலக்கிறது.

படி 2: கருவின் வயதை அளவிடுங்கள்

எளிதான படி, ஆனால் பலரும் விட்டுவிடுவது. உச்சந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகோரமாக அளவு நாடாவை வையுங்கள். மாட்டுக் கன்றுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: மாதத்தை, அதோடு 2 கூட்டிய எண்ணால் பெருக்கினால் நீளம் சென்டிமீட்டரில் வரும். 5 மாதம் என்றால் 5 × 7 = 35 செ.மீ.; 7 மாதம் என்றால் 7 × 9 = 63 செ.மீ. தோராயம்தான், ஆனால் போதும். ஆட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இனச்சேர்க்கை தேதியைப் பாருங்கள்.

வயது தெரிந்தால் சந்தேகப் பட்டியல் சுருங்கும். டிரைகோமோனாஸும் கேம்பிலோபாக்டரும் பொலிகாளை வழியாகப் பரவுபவை. இவை பெரும்பாலும் ஆரம்ப மாதங்களிலேயே கருவைக் கொன்றுவிடும். கரு விழுந்ததே தெரியாது. சினை என்று நம்பிய மாடு மறுபடி பருவத்துக்கு வரும்போதுதான் தெரியும். நியோஸ்போரா என்றால் பெரும்பாலும் 5, 6 மாதம். ஐ.பி.ஆர். வைரஸ் (மாட்டின் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்குவது) 4 முதல் 8 மாதத்துக்குள். புருசெல்லா, லெப்டோஸ்பைரா, லிஸ்டீரியா, பூஞ்சை எல்லாம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். ஆடுகளில் கிளமிடியா கடைசி இரண்டு மூன்று வாரங்களில்.

படி 3: இளங்கொடியைப் பரப்பிப் பாருங்கள்

சிவந்த பொத்தான்கள் போன்ற சதைத் திட்டுகளும், அவற்றுக்கிடையே மெல்லிய சவ்வும் இருக்கும். பொத்தான்கள் அழுகி, சவ்வு தோல்போலத் தடித்திருந்தால் புருசெல்லா அல்லது பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். பூஞ்சையில் சில நேரம் கன்றின் தோலிலும் படர்தாமரை போன்ற திட்டுகள் தெரியும். ஆட்டில் பொத்தான்களில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் இருந்து சவ்வு தெளிவாக இருந்தால் பூனை வழியாக வரும் டாக்ஸோபிளாஸ்மா; சவ்வும் தடித்திருந்தால் கிளமிடியா. ஆனால் கண்ணால் பார்த்தே நோயின் பெயரை முடிவு செய்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

படி 4: மாதிரி

கருவை நீங்களே அறுக்க வேண்டாம். கருவையும் இளங்கொடியையும் தனித்தனியாக இரட்டைப் பையில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் சுமார் 4 டிகிரி குளிரில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள். உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசு உடைந்து நுண்ணோக்கியில் பார்க்க உதவாது.

அனுப்ப முடியாத தூரம் என்றால் கால்நடை மருத்துவர் அங்கேயே அறுத்து நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை, நான்காம் இரைப்பையில் உள்ள திரவம் ஆகியவற்றை எடுப்பார். அந்தத் திரவத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கன்று வயிற்றுக்குள் இருக்கும்போதே பனிக்குட நீரை விழுங்குகிறது, அதோடு கிருமியும் உள்ளே போகிறது. வெளி அழுக்கு படாத இடம் என்பதால் அங்கே வளரும் கிருமியை நம்பலாம். ஒரு பங்கு திசுவுக்குப் பத்துப் பங்கு என்ற அளவில் 10 சதவீத பார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) மெல்லிய துண்டுகள் தனியாகப் போகும். கிருமி வளர்க்கும் மாதிரியில் பார்மலின் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

தாயின் ரத்தத்தை உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாத குழாயில் எடுக்க வேண்டும். கூடவே தடுப்பூசி விவரம், புதிதாக வாங்கிய மாடு, பூசணம் பிடித்த தீவனம், பக்கத்தில் வீசிய மற்ற மாடுகள் பற்றி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

படி 5: முடிவைப் படிப்பது

எந்தக் கருச்சிதைவானாலும் முதலில் புருசெல்லாவை விலக்கியாக வேண்டும். ரோஸ் பெங்கால் சோதனையில் ஒரு சொட்டு சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கிருமித் திரவத்தைச் சம அளவு கலந்து 4 நிமிடம் ஆட்டுவார்கள். திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். அதை எலைசா போன்ற இன்னொரு ரத்தச் சோதனையால் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் புருசெல்லாவுக்கான எஸ்19 தடுப்பூசி போட்ட மாடும் பாசிட்டிவ் காட்டலாம்.

நெகட்டிவ் வந்தால்? கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், வீசிய சமயத்தில் ரத்தத்தில் இன்னும் உருவாகாமல் இருக்கலாம். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுங்கள். லெப்டோஸ்பைரா, ஐ.பி.ஆர். சோதனைகளிலும் முதல் ரத்தத்தை விட இரண்டாவதில் எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் சமீபத்திய தொற்று என்பார்கள்.

கன்றின் விஷயம் வேறு. மாட்டிலும் ஆட்டிலும் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. ஆகவே பால் குடிக்காத கருவின் மார்புத் திரவத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அந்தத் தொற்று கருவையே எட்டியிருக்கிறது என்று பொருள். வயதான கருக்களில் இது மிக நல்ல சான்று. பி.சி.ஆர். சோதனை கிருமியின் மரபணுவையே தேடுவதால், கொஞ்சம் அழுகிய மாதிரியிலும் விடை தரும்.

இரண்டாவது ரத்தம் எடுக்க வேண்டிய தேதியை முதல் ரத்தம் எடுத்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அதுவரை அந்த மாட்டை விற்கவோ மற்ற மாடுகளோடு கட்டவோ வேண்டாம்.