உதகையில் உறைபனியை வரைபடமாக்குவது எப்படி?

இமயமலையில் உயரம் கூடக்கூடப் பனிப்போர்வையும் கூடும். நீலகிரியின் உறைபனியோ வானிலிருந்து பொழிவதன்று. காற்றிலுள்ள நீராவி, இரவில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்ட புல்லின்மேல் நேரடியாகப் படிகமாகிறது. குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்குவதால், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியைவிட, காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்கள் பல காலைகளில் அதிகம் வெளுத்துக் கிடக்கின்றன. உயரத்தை மட்டும் நம்பி வரைபடம் வரையக் கூடாது.

முதலில் இரவைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளே ஏற்றவை. மேகம் தரையின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும். காற்று மேலேயுள்ள வெதுவெதுப்பைக் கீழே கலந்துவிடும்.

அடுத்து, பகலிலேயே நடந்து சென்று, பள்ளத்தின் அடி, நடுச்சரிவு, மேட்டின் விளிம்பு, மரத்தடி ஆகியவற்றைத் தாளில் குறியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது சரிவில் இறங்கி, சுவரோ வேலியோ சாலைமேடோ மறிக்கும் இடத்தில் தேங்கும். அந்தத் தடைகளைத் தவறாமல் வரையுங்கள். மரத்தடியில் கிளைகள் வானத்தை மறைப்பதால் புல் பச்சையாகவே இருக்கும்.

ஒரு வெப்பமானியைக் குட்டைப் புல்லின் நுனி தொடும்படி கிடத்துங்கள், மற்றொன்றை 1.2 மீட்டர் உயரத்தில் காற்றோட்டமுள்ள கூண்டுக்குள் வையுங்கள். மேலேயுள்ளது 3 பாகை செல்சியஸ் காட்டும்போதே புல் உறைந்திருக்கக்கூடும். செய்தியில் வரும், கூண்டில் அளந்த வெப்பநிலையை மட்டும் பார்த்து உறைபனி இல்லை என்று முடிவுசெய்வது இதனால்தான் பிழையாகிறது.

விடிந்ததும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சதுர மீட்டரில் எத்தனை பங்கு வெளுத்திருக்கிறது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று குறித்து, பனி மறையும்வரை அரைமணிக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். (இருட்டில் தனியே செல்ல வேண்டாம், காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும்.) இந்தப் பகுதிக்குத்தான் மிகுந்த பொறுமை தேவை, ஆனால் நிலத்தின் இயல்பு இங்கேதான் வெளிப்படும். கிழக்கு நோக்கிய சரிவில் வெயில் முதலில் பட்டுப் பனி விரைவில் கரையும். மேற்குச் சரிவிலும் உயர்ந்த மரங்களின் நிழலிலும் நெடுநேரம் நிற்கும். நிழலின் எல்லையும் பனியின் எல்லையும் ஒன்றாகவே நகர்வதைக் காண்பீர்கள்.

பல காலைகளின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியில் பிடித்தால், ஒவ்வொரு முறையும் வெளுக்கும் இடங்கள் தெளிவாகத் தெரியும். தேயிலை நாற்று வைக்க விரும்புவோர் அந்த இடங்களைத் தவிர்க்கலாம். வேறு நிலம் இல்லாதவர்கள் இளஞ்செடிகளை மாலையிலேயே மூடிவைக்கலாம்.