வகுப்பு முடிந்த பிறகு: நம் கற்பித்தலை நாமே மதிப்பிடுவது எப்படி?

நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கமிருந்து பேருந்தேறி வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் என்பதால், புரியவில்லை என்று எழுந்து சொல்லத் தயங்குவார்கள். அந்த அமைதியைப் புரிதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் பெயரில்லாத துண்டுச்சீட்டில் ‘இன்று எது தெளிவாகவில்லை?’ என்று எழுதி வாங்குங்கள். பருவ இறுதியில் மாணவர் நிரப்பும் கருத்துப் படிவத்தைவிட இதையே நான் நம்புகிறேன், ஏனெனில் திருத்திக்கொள்ள இன்னும் நாள் இருக்கும். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கத்தை நடத்திய அன்று எனக்கு வந்த சீட்டொன்றில், ‘விலக்கங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம்?’ என்றிருந்தது. நான் சூத்திரத்தை மட்டும் எழுதியிருந்தேன். மறுநாள் 10, 20, 30 என்ற எண்களை எடுத்து, சராசரியிலிருந்து விலக்கங்கள் –10, 0, 10 ஆகி, கூட்டினால் பூச்சியமாவதை அவர்களையே கணக்கிடச் செய்த பிறகுதான் காரணம் விளங்கியது.

அன்றிரவே குறிப்பேட்டில் எதை எண்ணிச் சென்றோம், என்ன நடந்தது, எதை மாற்றுவோம் என்று எழுதுங்கள். கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருக்கிறோமா என்பதைக் கைப்பேசி ஒலிப்பதிவு காட்டிவிடும். சக ஆசிரியரைப் பின்வரிசையில் அமரச் சொன்னால், எதைக் கவனிக்க வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீட்டுகளால் எதை மாற்றினீர்கள் என்பதை அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் மாணவரிடம் தெரிவியுங்கள். இல்லையேல் மூன்றாம் வாரம் வெற்றுச் சீட்டுகளே வரும்.